நிமிடக் கணக்கு ரிக்‌ஷாவும் வெண்கல மாரியும்

முதலில் அந்த ரிக்‌ஷாக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு ஆறாது. நியூயார்க் சென்ட்ரல் பூங்காவின் தெற்கு முனையில் "அஞ்சு டாலர்தான்" என்று ஏற்றிக்கொண்டார். மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியக வாசலில் இறங்கியதும், "நிமிடத்துக்கு அஞ்சு" என்று ஒரு பலகையைத் திருப்பிக் காட்டினார். 12 நிமிடம், 60 டாலர்! சண்டை போட்டு 40-க்கு முடித்தோம். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உள்ளே போக ஆளுக்கு 30 டாலர். நியூயார்க் மாநிலத்துக்காரர்கள் இஷ்டப்பட்டதைக் கொடுக்கலாம். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

சரி, மாடிக்குப் போனேன். பிரெஞ்சு ஓவியர் டெகா செய்த சிலை, 'பதினான்கு வயது நடனச் சிறுமி'. உயரம் ஒரு மீட்டர்கூட இல்லை. கைகளைப் பின்னால் கோத்து, மோவாயைத் தூக்கி நிற்கிறாள். உடம்பு வெண்கலம்; பாவாடையும் தலை நாடாவும் நிஜத் துணி! அங்கேயே அரை மணி நேரம் நின்றுவிட்டேன்.

சிலைக்கு மாதிரியாக நின்றவள் பெயர் மாரி வான் கோதெம். பாரிஸ் ஓபராவில் பாலே நடனம் பயின்றவள், சலவைக்காரியின் மகள். 1881 கண்காட்சியில் டெகா வைத்தது மெழுகுச் சிலை. குரங்கு மூஞ்சி என்றெல்லாம் விமர்சகர்கள் ஏசினார்கள். ஆனால் சர்க்கரை ஆலைப் பணக்காரர் ஹேவ்மையரின் மனைவி லூயிசினுக்கு அது வேண்டும். 1903-இல் விலைக்குக் கேட்டார். டெகா கடைசிவரை கொடுக்கவில்லை. 1917-இல் அவர் இறந்த பிறகுதான் வாரிசுகள் வெண்கலத்தில் வார்க்கச் சொன்னார்கள். அதாவது இந்த வெண்கலத்தை டெகா பார்த்ததே இல்லை. லூயிசின் 1922-இல் வெண்கலத்தோடு திருப்திப்பட்டுக்கொண்டார். 1929-இல் அவர் உயில்படி இங்கே வந்து சேர்ந்தது.

இதேபோல் இருபதுக்கு மேல் வார்ப்புகள் உலகெங்கும் உண்டு. அதில் ஒன்று 2022 ஏலத்தில் 4 கோடியே 16 லட்சம் டாலருக்குப் போனது. மாரியையோ, வகுப்புக்கு வரவில்லை என்று 1882-இல் ஓபராவிலிருந்து நிறுத்திவிட்டார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

அப்புறம்தான் வயிற்றெரிச்சல்: மெழுகு மூலத்தை 1956-இல் பால் மெலன் என்ற அமெரிக்கப் பணக்காரர் வாங்கினார். இப்போது அது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அங்கே நுழைவு இலவசம்!

வெளியே தள்ளுவண்டியில் கோழிச் சோறு, வெள்ளைச் சாஸ் வழிய வழிய. அமிர்தம். ஒரு தட்டு இரண்டு பேருக்குத் தாராளம். பாதி சாப்பிட்டதும் மனைவி முதல்முறையாக வாய் திறந்தாள்.

"திரும்பிப் போறப்போ நடந்துதான்."