மிளகாய் இல்லாத அடுப்பங்கரை

சோழர் காலத்து ஊர் ஒன்றைக் கற்பனை செய்து நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். நேற்று ஒரு காட்சியில் அத்தை குழம்புக்கு மிளகாய் கிள்ளிப் போட்டாள். எழுதிய பிறகுதான் உறைத்தது: மிளகாய் போர்த்துக்கீசியரோடு 16ஆம் நூற்றாண்டில் வந்ததாயிற்றே! தக்காளியும் கிடையாது. அழித்துவிட்டேன்.

சரி, வேறென்ன போடுவாள்? சங்க இலக்கியமான பெரும்பாணாற்றுப்படையில் ஒரு சமையலே இருக்கிறது. மாதுளங்காயைப் பிளந்து, மிளகும் கறிவேப்பிலையும் கலந்து, பசு மோரில் எடுத்த வெண்ணெயில் வேகவைத்தது. கூடவே மாவடு ஊறுகாய். அப்போது மிளகுக்குக் ‘கறி’ என்றும் பெயர். படிக்கும்போதே நாக்கில் நீர் ஊறுகிறது.

தேநீரும் கூடாது. நீலகிரியில் தேயிலை பயிரானதே 19ஆம் நூற்றாண்டில்தான். வழிப்போக்கனுக்கு அத்தை என்ன கொடுப்பாள்? நிழலில் காயவைத்த ஆவாரம்பூவை ஒரு கைப்பிடி கொதிநீரில் போட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பொன்னிறமானது. மெல்லிய துவர்ப்பு. ஒரு துண்டு கருப்பட்டி சேர்த்ததும் அத்தையின் கை மணம் வந்துவிட்டது. மலைப்பாதைக் காட்சிக்குச் சுக்கு தட்டிப் போடலாம்.

அப்புறம் பிரண்டைத் துவையல். நறுக்கும் முன் கை அரிக்காமலிருக்க அவள் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளும் அந்த ஒரு வரிக்காகவே அதைச் சேர்க்கிறேன்.

உங்கள் ஊரில் கொதிக்கவைத்துக் குடிக்கும் இலை, வேர் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.