இவருடைய ஜாக்கெட்டும் அத்தையின் விபூதியும்

இவருக்குப் பழைய ராணுவச் சீருடை சேர்க்கிற பைத்தியம். அமெரிக்காவில் நியூஜெர்சியின் லாம்பர்ட்வில் பழம்பொருள் சந்தைக்குப் போய் இவர் வெறும் கையோடு திரும்பியதாகச் சரித்திரமே கிடையாது. இந்த ஞாயிறு வந்து சேர்ந்தது ஒரு ஐக் ஜாக்கெட். இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கத் தளபதி ஐசனோவர் போட்டுப் பிரபலமான, இடுப்போடு நின்றுவிடும் கம்பளிச் சட்டை. பாச்சை உருண்டை நாற்றம் மாடிவரை வந்தது.

"ஒரு ஜாக்கெட்டுக்கு 180 டாலரா? அதுவும் எவனோ போட்டுக் கழட்டினதுக்கா?" என்றார் அத்தை. ரூபாயில் பெருக்கிப் பார்க்காமல் இந்த ஊரில் ஒரு கொத்தமல்லிக் கட்டைக்கூட அவர் தொட்டதில்லை.

இவருக்கு அது போதும். யார் என்ன கேட்டாலும் வகுப்பு ஆரம்பமாகிவிடும். இடது கைப்பட்டையில் சின்னச் சின்னத் தங்கக் கோடு இருக்கிறதே, ஒவ்வொன்றும் கடல் கடந்து இருந்த ஆறு மாதம். நான்கு கோடு என்றால் இரண்டு வருடம். மேல் கையில் இரண்டு 'வி' மாதிரிப் பட்டைக்குக் கீழே 'டி' இருந்தால் டெக்னீஷியன். வலது பாக்கெட்டுக்கு மேலே வளையத்துக்குள் கழுகு இருந்தால் நல்ல பெயரோடு ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டவன். அந்தக் கழுகை 'வயிறு வெடித்த வாத்து' என்றுதான் சிப்பாய்கள் சொல்வார்களாம். யுத்தம் முடிந்த சமயம் துணித் தட்டுப்பாடு. வீடு திரும்புகிறவன் சீருடையையே கொஞ்ச நாள் போட்டுக்கொள்ளலாம், ஆனால் இப்போது ராணுவத்தில் இல்லை என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் அந்த வாத்து.

"பாவம், மாத்துத் துணி இல்லாம ஊருக்கு வந்திருக்கான்" என்றார் அத்தை. அவர் குரலில் 180 டாலர் கொஞ்சம் குறைந்ததுபோல் இருந்தது.

அடுத்தது, அசலா போலியா என்று பார்க்கப் புற ஊதா டார்ச் பரிசோதனை. பேஸ்மெண்டில் விளக்கை அணைத்துவிட்டு அடித்தால் பிற்காலத்துச் செயற்கை நூல் பளீரென்று ஒளிரும், 1940களின் பருத்தி நூல் பேசாமல் கிடக்கும். ஜாக்கெட் பாஸ். இவர் கட்டியிருந்த வேட்டிதான் சோப்புத்தூள் உபயத்தில் பேஸ்மெண்ட் முழுவதும் வெளிச்சம் போட்டது. வடாம் டப்பா எடுக்க இறங்கிய அத்தை, இடுப்புக்குக் கீழே மட்டும் ஜொலிக்கிற உருவத்தைப் பார்த்து முருகனைக் கூப்பிட்ட சத்தம் எதிர்வீட்டுக்காரருக்கும் கேட்டிருக்கும்.

ஆனால் இவர் பணத்தைக் கொட்டியது ஜாக்கெட்டுக்காக இல்லை, அதன் இடது தோளில் இருந்த கேடயச் சின்னத்துக்காக. மேலே நீலம், அதில் சீனச் சூரியனும் இந்திய நட்சத்திரமும். கீழே சிவப்பும் வெள்ளையுமாக நெடுக்குக் கோடுகள். சீனா-பர்மா-இந்தியா போர்முனை. அஸ்ஸாமில் லேடோவிலிருந்து மலையையும் காட்டையும் வெட்டிச் சாலை போட்டு, 1945 பிப்ரவரியில் லாரிகளைச் சீனாவின் குன்மிங்வரை கொண்டுபோனார்களே, அந்தக் கூட்டம். அமெரிக்காவிலிருந்து வந்த சின்னம் மெஷின் தையல். இதுவோ நம் ஊர்க் கடைத்தெருவில் யாரோ ஒரு தையல்காரர் கையால் போட்டது.

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போனார். "ஜர்தோசிடா இது. சுருள் கம்பியத் துண்டு துண்டா நறுக்கி, ஊசியில கோத்து வச்சுத் தச்சிருக்கான். கறுத்திருக்கு பாரு, அசல் வெள்ளி. இப்ப வர்ற பிளாஸ்டிக் ஜரிகை சாகறவரைக்கும் மினுக்கும்."

இவர் தடித் தடியாக வாங்கி அடுக்கியிருக்கும் புத்தகங்கள் அந்த இரண்டு நிமிடத்தில் எடைக்குப் போடும் நிலைக்கு வந்துவிட்டன. அன்று ராத்திரி அம்மாவுக்குத் தோசை வார்த்துப் போட்டது யார் என்கிறீர்கள்? இவரேதான்.

திங்கட்கிழமை சாயந்தரம் ஆபீசிலிருந்து வந்தார். சூரியனும் நட்சத்திரமும் குத்துவிளக்காக மின்னின. நீலத்தின் மேல் குறுக்கே வெள்ளைத் தூள். பக்கத்தில் விபூதிச் சம்படமும் பழைய டூத் பிரஷும். பாக்கெட்டிலெல்லாம் பூச்சிக்கு வசம்புத் துண்டு போனஸ்.

"கறுத்த வெள்ளிய விபூதி போட்டுத் தேய்க்கணும்னுகூடத் தெரியாமயா இத்தன வருஷமா சேக்கிற?"

சேகரிப்பவர்கள் உலகத்தில் அந்தக் கறுப்புதான் சொத்து. தேய்த்தால் விலை பாதாளத்துக்குப் போய்விடும். இவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் காபி கொடுத்தேன். குடிக்கவில்லை. நான் குடித்தேன்.

அத்தை மனம் கேட்காமல் சின்னத்தைப் போட்டோ எடுத்து, தாம்பரத்தில் நமக்கு பிளவுஸ் போடும் ஆரி அக்காவுக்கு அனுப்பிவிட்டார். "எண்ணூறு ரூபாய்க்கு இத மாதிரி பத்து போட்டுக் குடுப்பாடா." இவர் பதறிப்போய், இப்படித்தான் இன்றைக்குப் பாகிஸ்தானில் சியால்கோட்டில் புதிதாகத் தைத்தது டீத் தண்ணீரில் ஊறி, 1944 என்று சந்தைக்கு வந்துவிடுகிறது, இதைக் கண்டுபிடிக்கத்தான் அம்மா நான் டார்ச் வாங்கினதே என்று கத்தினார். அத்தை 'டீத் தண்ணி' என்பதை மட்டும் கவனமாகக் கேட்டுக்கொண்ட மாதிரி எனக்குப் பட்டது.

அதற்குள் தாம்பரத்திலிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்துவிட்டது. "டிசைன் நல்லாருக்கும்மா. கைக்கு மட்டும் போதுமா, முதுகுக்கும் சேத்துப் போடணுமா?"