ஒன்றரை அங்குலம்

அப்பாவிடம் மூன்று துப்பாக்கிகள் இருந்தன. ஒரு வெடியில் பல சின்ன ஈய ரவைகளைச் சிதறடிக்கும் இரட்டைக்குழல் 12 போர் ஒன்று, ஒற்றைக் குண்டு சுடும் ரைஃபிள் இரண்டு: ஒரு .22, ஒரு .315. எண்ணெல்லாம் குழல் துளையின் அளவு. 2019 டிசம்பரில் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, ஒருவரிடம் இரண்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்றார்கள். மிச்சத்தை ஒரு வருடத்துக்குள் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். பரம்பரையாக வந்தது என்று சொன்னாலும் கணக்கு அதேதான். அப்பாவுக்கு அப்போது வயது 76.

"எப்படியும் உன் பேருக்குத்தான் மாத்தப் போறோம். எது போகணும்னு நீயே பார்த்துக்க, பாப்பா" என்று சொல்லிவிட்டு மிளகுக் கொடி கட்டப் போய்விட்டார்.

எங்கள் தோட்டம் கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிக்குக் கொஞ்சம் கீழே. சில்வர் ஓக் நிழலில் காப்பி, மரத்தில் ஏறிய மிளகு, ஊடே மலைவாழை. வாழைக்கட்டையைத் தோண்ட இரவில் பன்றி வரும். பன்றியை விரட்டச் சத்தம் வேண்டும், அதற்கு 12 போர் போதும். சின்ன ரவை இருநூறு முந்நூறு மீட்டருக்குள் மண்ணில் விழுந்துவிடும். அதனால் அது வீட்டில் இருக்கட்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கேள்வி மற்ற இரண்டைப் பற்றித்தான். இரண்டுமே போல்ட் ரைஃபிள், அதாவது போல்ட் என்ற கைப்பிடியை இழுத்துத் தள்ளி ஒவ்வொரு தோட்டாவாக ஏற்ற வேண்டும். அதில் ஒன்றுதான் தங்கலாம். எது?

ஊரடங்கு நேரம், கையில் போன். ராத்திரி முழுக்கப் படித்தேன். ஜெஃப் கூப்பர் என்ற அமெரிக்கர், எல்லா வேலைக்கும் ஒரே ரைஃபிள் என்றால் அது எப்படி இருக்க வேண்டும் என்று பல வருடம் யோசித்து ஓர் இலக்கணமே வகுத்திருக்கிறார். நீளம் ஒரு மீட்டரைத் தாண்டக் கூடாது, எடை மூன்று கிலோ அளவில் நிற்க வேண்டும், சின்ன ஸ்கோப்பை, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியை, கண்ணுக்குப் பக்கத்தில் வைக்காமல் குழலின் மேல் தள்ளி வைக்க வேண்டும். ஸ்காட் ரைஃபிள் என்று பெயர். ஆஸ்திரியாவில் ஸ்டெய்ர் கம்பெனி 1990களின் கடைசியில் அதைச் செய்தே விற்றது. படம் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அதன் தோட்டா நம் ஊரில் தடை செய்யப்பட்ட ரகம், சாதாரண ஆள் வெளிநாட்டிலிருந்து துப்பாக்கி வரவழைக்கவும் முடியாது. சரி, இலக்கணத்தையாவது கடன் வாங்குவோம் என்று டேப்பையும் காப்பி நிறுக்கும் தராசையும் எடுத்து வந்தேன்.

.22 அப்படியே தேறியது. மெலிந்த குழல், ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் ஜீப் கதவைத் திறக்கலாம். நான் பன்னிரண்டு வயதில் குறிபார்க்கக் கற்றுக்கொண்டதும் அதில்தான். .315 தேறவில்லை. ஒரு மீட்டருக்கு மேல் நாலு விரற்கடை, எடை மூன்றரைக் கிலோ.

மனசு .22 பக்கம் போனது. இரண்டு தோட்டாக்களையும் மேசையில் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் யோசனை மாறியது. .22-இன் குண்டு 2.6 கிராம், .315-இன் குண்டு ஏறக்குறைய 16 கிராம்.

எங்களுக்கு ரைஃபிள் எதற்கு என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். வேட்டை 1972 வனவிலங்குச் சட்டத்தோடு முடிந்துபோன கதை. பன்றியைக்கூட நாமாகச் சுடக் கூடாது. 2025 தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு போட்ட உத்தரவிலும் சுடுகிற வேலை வனத்துறையினருடையது, விவசாயியுடையது அல்ல. உயிருக்கு ஆபத்து வந்து தற்காப்புக்காகச் செய்வதை மட்டும்தான் வனவிலங்குச் சட்டம் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. பலாப்பழக் காலத்தில் கரடி வரும். நாற்பது வருடத்தில் அப்பா ஒரே ஒரு முறைதான் .315-ஐத் தோளுக்கு ஏற்றினார், அன்றும் சுடவில்லை. கரடி திரும்பிவிட்டது. அந்த ஒரு நாளுக்காக வைத்திருக்கும் பொருளை, எடுக்கச் சுலபம் என்பதற்காக மட்டும் தேர்ந்தெடுக்க முடியாது. 2.6 கிராம் கரடிக்குக் கோபத்தைத்தான் கொடுக்கும்.

.22 சின்னது, அதனால் ஆபத்தில்லாதது என்று நினைப்பவர்கள் தோட்டாப் பெட்டியைத் திருப்பிப் படிக்கலாம். ஒன்றரை மைல் போகும் என்று எச்சரிக்கை அச்சடித்திருப்பார்கள். எங்கள் சரிவில் எங்கே நின்று குறிபார்த்தாலும் இலைக்குப் பின்னால் பள்ளத்தாக்கு, பள்ளத்தாக்கில் ஒரு ஊர், ஊருக்கு வத்தலக்குண்டிலிருந்து வரும் பஸ். குண்டைத் தடுக்கப் பின்னால் மண்மேடு இருக்கும் இடம் தோட்டத்தில் இரண்டே இரண்டு. மற்ற இடங்களில் எந்த ரைஃபிளும் வெறும் கைத்தடிதான்.

ஆக .315. இந்த .315-க்கு ஒரு சுவையான பூர்வீகம் உண்டு. ராணுவத்தின் .303 தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்று வெள்ளைக்காரன் தடுத்தான். அதனால் ஆஸ்திரியாவின் பழைய 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டாவைச் சுடும்படி துப்பாக்கிகள் செய்தார்கள். பின்னாளில் வங்காளத்தில் உள்ள இஷாப்பூர் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை செய்ததும் அதே தோட்டாவுக்குத்தான். வெள்ளைக்காரன் போனான், .303 தடை போகவில்லை, ஆஸ்திரியத் தோட்டா எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

ஒரே சிக்கல், அது எனக்கு நீளம். அப்பா ஆறடி, நான் ஐந்தடி ஒரு அங்குலம். தோளில் வைத்தால் விசைக்கு விரல் நுனிதான் எட்டும். உடம்பைப் பின்னால் சாய்த்துப் பிடித்தால் இரண்டு நிமிடத்தில் இடுப்பு வலிக்கிறது. குழலைக் குறைக்கக் கூடாது. உரிமம் இல்லாமல் குழலை வெட்டினால் ஆயுதச் சட்டம் 6-வது பிரிவின்படி அது தனிக் குற்றம். ஆனால் தோளில் பதியும் பின்கட்டை வெறும் மரம்தானே?

பெயர் மாற்றம் முடிய அடுத்த வருடமானது. 70 வயது தாண்டியவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்குக் கொடுக்க 2016 ஆயுத விதிகளில் வழி இருக்கிறது. மனு, பயிற்சிச் சான்றிதழ், போலீஸ் விசாரணை என்று அலைந்ததைத் தனியாக எழுத வேண்டும். உரிமம் கைக்கு வந்ததும் மதுரையில் உரிமம் உள்ள பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் போனேன். மே மாதம். பையில் ஸ்வெட்டர்.

பெரியவர் என் முழங்கையை மடக்கச் சொன்னார். கட்டையின் முனையை முழங்கை மடிப்பில் வைத்து, விரல் விசையில் எங்கே படுகிறது என்று பார்த்தார். பென்சிலை எடுத்தார். "ஐயா, ஒரு நிமிஷம்" என்று ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டேன். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மலையில் நான் இதைத் தோளில் வைக்கும்போது நடுவில் எப்போதும் கம்பளி இருக்கும், அதுவே அரை அங்குலம் என்றேன். பெரியவர் சிரிக்கவில்லை. பென்சில் கோட்டை அழித்துவிட்டு இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட்டார்.

"அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பட்டாளத்து லீ-என்ஃபீல்டு ரைஃபிள்ல கட்டையே குட்டை, நீளம்னு அளவு பார்த்துதாம்மா குடுத்தான். எஸ், எல்னு முத்திரை இருக்கும். சட்டை மாதிரி" என்றார்.

ஒன்றரை அங்குலம் வெட்டினார். கட்டைக்குள் நீளமாக ஓடும் திருகாணியைக் கழற்றி, அறுத்து, முனையைச் சாய்வு மாறாமல் அரத்தால் ராவி, மெல்லிய ரப்பர் தகடு வைத்துப் பூட்டினார். எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. இன்னமும் ஒரு மீட்டருக்கு மேல்தான், கூப்பர் பார்த்தால் உதட்டைப் பிதுக்குவார். ஆனால் கண்ணை மூடி ஏற்றி, திறந்து பார்த்தால் முன்குறி பின்குறியின் நடுவில் நிற்கிறது. ஸ்கோப் போடவில்லை. எங்கள் மூடுபனியில் அதன் கண்ணாடியைத் துடைக்கத்தான் நேரம் சரியாக இருக்கும்.

.22-ஐ அதற்கு முன்பே, கெடு முடிய மூன்று வாரம் இருக்கும்போது, கடையில் கொடுத்து ரசீது வாங்கியாகிவிட்டது. எண்ணெய்த் துணியைச் சுற்றியே கொடுத்தேன். துணி வேண்டாம் என்று திருப்பித் தந்தார்கள்.

மதுரையிலிருந்து வந்த அன்று சாயங்காலம் அப்பா கேட்டார், "எங்கே, காட்டு." போல்ட்டைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று காட்டிவிட்டு நீட்டினேன். பழைய வேகத்திலேயே தோளுக்கு ஏற்றினார். கட்டைவிரல் போய் மூக்கில் இடித்தது. மூக்கைத் தடவிக்கொண்டே மறுபடி ஒருமுறை ஏற்றிப் பார்த்தார், மறுபடி இடித்தது.

"இது இனி எனக்குச் சேராதுடா" என்று என் கையில் கொடுத்துவிட்டு, காப்பி ஆறுகிறது என்று உள்ளே போனார்.