பெருந்திட்ட நகலுக்குக் கருத்து அனுப்புவோர் செய்யும் தவறுகள்: நாங்களும் செய்தோம்

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு எதிரே உள்ள காலி நிலம் பற்றிய முதல் கடிதத்தை நகர மன்றத்துக்கு எடுத்துச் சென்றோம். வீண் அலைச்சல். மின்தூக்கி, துப்புரவு, நடைபாதைக் கூரை இவைதான் அவர்கள் வேலை. எந்த நிலத்தில் என்ன வரலாம் என்பதை நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்டம் சொல்கிறது. முதலில் அதன் நகல், அதாவது வரைவு, காட்சிக்கு வரும், கருத்து கேட்பார்கள், அமைச்சர் ஒப்புதல் தருவார், அரசிதழில் வெளியாகும். 2019 நகல் மார்ச் 27ல் வந்தது, நவம்பர் 27ல் அரசிதழில் ஏறியது. எட்டே மாதம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் வாய்ப்பில் ஒரு வாரத்தைத் தவறான முகப்பில் தொலைப்பது வயிற்றெரிச்சல்.

இரண்டாவது கடிதமும் தேறவில்லை. "பஸ் ஸ்டாப் பின்னால் இருக்கும் பூங்காவில் கட்டாதீர்கள்" என்று எழுதியிருந்தோம். அது பூங்காவே இல்லை! புல் வளர்ந்திருந்தால் பூங்கா என்று நம்பிவிடுகிறோம். வரைபடத்தில் பச்சை இருந்தால்தான் பூங்கா. மஞ்சள் என்றால் 'ரிசர்வ் சைட்', பயன்பாடு இன்னும் முடிவாகாத நிலம். டோவர் காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 33 ஹெக்டர் மரமும் ஓடையுமாக நின்ற அந்த இடம் 2003லேயே குடியிருப்புக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. பெரும்பாலோர் குரல் எழுப்பியது 2020 முடிவில், சுற்றுச்சூழல் ஆய்வறிக்கை வந்த பிறகுதான். அப்போதும் பலன் இருந்தது: மேற்குப் பாதியில் சுமார் பத்தாண்டுக்குக் கட்டுமானம் இல்லை என்று 2021ல் அறிவித்தார்கள். கிழக்குப் பாதி வீடுகளுக்குப் போனது.

நிறத்தைப் பார்த்ததும் நின்றுவிடாதீர்கள். வரைபடத்தில் குடியிருப்பு நிலத்தின்மேல் ஓர் எண் இருக்கும், அதுதான் பிளாட் ரேஷியோ (plot ratio): நிலப்பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற விகிதம். 10,000 சதுர மீட்டர் நிலத்தில் 2.8 என்றால் மொத்தத் தளப்பரப்பு 28,000 சதுர மீட்டர். உயரத்துக்குத் தனிக் கட்டுப்பாடு இல்லாத இடங்களில் 1.4க்கு 5 மாடி, 2.1க்கு 24, 2.8க்கு 36 வரை போகலாம். பழைய பெருந்திட்டத்தில் இருந்த எண்ணையும் நகலில் இருக்கும் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றும் மாறவில்லை என்றால் உங்கள் வாதமே வேறு.

மூன்றாவது கடிதத்தில் நிலத்தை அடையாளம் காட்டும் முக்கிம் எண், லாட் எண், பிளாட் ரேஷியோவின் பழைய எண், புதிய எண், காலை ஏழரைக்குச் சாலைச் சந்திப்பில் வரிசை எதுவரை நீள்கிறது என்பது, வடிகால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது, இவ்வளவும் ஒரே பக்கத்தில். லாட் எண் சிங்கப்பூர் நில ஆணையத்தின் ஒன்மேப் என்ற இணைய வரைபடத்தில் கிடைக்கும். "கட்டாதீர்கள்" என்ற சொல்லை எடுத்துவிட்டு, "நிலத்தின் கிழக்கு ஓரத்தில் நடைபாதைக்கு இடம் விடுங்கள்" என்று கேட்டோம். பதில் வந்தது, அச்சடித்த நன்றி வரிகளோடு நிற்காமல், அந்தச் சந்திப்பைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு.

இன்னொன்று. அரசிதழில் ஏறிய பிறகும் இடையிடையே திருத்தங்கள் வரும். அவற்றுக்குக் கருத்துச் சொல்லக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டே வாரம், அறிவிப்போ சிறு எழுத்தில். புளோக்கில் ஒருவரிடம் அந்த அறிவிப்புகள் வரும் பக்கத்தை வாரந்தோறும் பார்க்கும் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள்.