பள்ளத்தில் கருகிய கோ-4

மேட்டுப்பாளையத்தில் எங்கள் அப்பா வீட்டில் நாலு மாடுகள். கிணற்றுத் தண்ணீர், வாய்க்கால் ஓரம் முழுக்கக் கோ-4. கம்பையும் நேப்பியர் புல்லையும் கலந்து கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் 2008இல் விட்ட தீவனப்புல் ரகம். 45 நாளைக்கு ஒரு அறுப்பு. புல்லுக்காக அங்கே யாரும் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

கல்யாணமாகி ஊட்டிக்கு மேற்கே இந்த ஊருக்கு வந்தபோது, ரெண்டு ஜெர்சி கலப்பு மாடுகளுக்காக அத்தை தினமும் ரெண்டு மணி நேரம் புல்லுக்கு அலைந்துகொண்டிருந்தார். ஒரு கறவை மாட்டுக்கு நாளைக்கு 25 கிலோ பசும்புல்லாவது வேண்டும். ரெண்டுக்கும் சேர்த்து 50 கிலோ, அதுவும் தலைச்சுமையாக, ஏற்றத்தில். "கோ-4 போட்டால் தீர்ந்தது அத்தை" என்றேன். அப்பா ஒரு சாக்கு நிறையக் கரணை, அதாவது நடுவதற்கான தண்டுத் துண்டுகள், வெட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

நான் பார்த்து வைத்த இடம் ஓடை ஓரப் பள்ளம். சமதளம், கறுப்பு மண், எப்போதும் ஈரம். இதைவிட என்ன வேண்டும்? "பள்ளத்துலயா?" என்று மட்டும் கேட்டார் அத்தை. புது மருமகளிடம் அதற்கு மேல் பேச வேண்டாமென்று நினைத்திருப்பார். மீந்த கரணைகளை எறிய மனமில்லாமல், மேலே சரிவில் கேரட் போடும் அடுக்கு நிலங்களின் வரப்பில் செருகி வைத்தேன்.

கீழே என்றால் 75, 80 நாளில் முதல் அறுப்பு வந்துவிடும். இங்கே நாலு மாதம் ஆனது. சரி, குளிர் ஊர், போகட்டும் என்று தேற்றிக்கொண்டேன்.

அப்புறம் டிசம்பர் வந்தது. ஒரு நாள் காலை பள்ளம் முழுக்க வெள்ளை. கால் வைத்த இடமெல்லாம் அப்பளம் நொறுங்குகிற சத்தம். புல் தாள்கள் விறைத்து நின்றன, விரலால் வளைத்தால் ஒடிந்தன. எட்டு மணிக்கு வெயில் பட்டதும் அத்தனையும் வேகவைத்த கீரை மாதிரி துவண்டது. மறுநாள் பழுப்பு. ஒரு கைப்பிடி அறுத்துப் போட்டேன், மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மேலே வரப்பில் செருகியது மட்டும் பச்சையாக நின்றது. அதே கரணை, அதே மண், 20 மீட்டர் உயரம்தான் வித்தியாசம்.

குளிர்ந்த காற்று கனம் அதிகம். ராத்திரி மேகமில்லாமல் இருந்தால் அது தண்ணீரைப் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கிவிடும். உறைபனி முதலில் விழுவது அங்கேதான். அத்தை கேட்ட அந்த ஒரு சொல்லில் இவ்வளவும் இருந்தது.

இப்போது கோ-4 வரப்பில் மட்டும்தான், அடுக்குக்கு ரெண்டு வரிசை. தூர் மண்ணைப் பிடித்துக்கொள்வதால் ஜூன் மழையில் வரப்பு சரிவதில்லை. கேரட்டுக்கு நிழல் கட்டுவதற்குள் அறுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். பள்ளத்தில் தீவன ஓட்ஸ். 10 சென்டுக்கு நாலு கிலோ விதை, செப்டம்பர் கடைசியில் தூவினால் ரெண்டு மாதத்தில் முதல் அறுப்பு. பனியை ஓட்ஸ் சட்டை செய்வதில்லை. நாம்தான் பனி உருகித் தாள் காய்கிற வரை அரிவாளை எடுக்காமல் இருக்க வேண்டும்.

அத்தை மட்டும் காட்டுப்புல்லை விடவில்லை. ரோட்டோரக் கிக்குயூ புல்லில் வெள்ளைக் குளோவர் செடியும் கலந்து கிடக்கும், மாடு அதற்கு உயிரை விடும். கென்யா மலையிலிருந்து வந்த புல் என்பதால் இந்தக் குளிர் அதற்குச் சொந்த ஊர் மாதிரி. கேரட் தோட்டத்துக்குள் அதன் தண்டு முடிச்சு ஒன்று விழுந்து வேர்விட்டால் மட்டும் நம் பாடு திண்டாட்டம். புல்லுக்கட்டைப் பிரித்ததும் அத்தை முதலில் செய்வது பெரணியைப் பொறுக்கி எறிவது. பெரணியைத் தொடர்ந்து தின்ற மாட்டுக்கு மூத்திரத்தில் ரத்தம் வரும். அவசரத்தில் நான் கொண்டுவரும் கட்டில் எப்படியும் நாலு தண்டாவது இருக்கும். ஒன்றும் சொல்ல மாட்டார், என் கண்ணில் படுகிற மாதிரி வாசலில் அடுக்கி வைப்பார்.

கேரட் கழுவும் இடத்தில் தழை கிடைக்கும். கொஞ்சம் போடலாம். அள்ளிப் போட்டால் சாணி தண்ணீராகிவிடும், கடைசி மருந்து எப்போது அடித்தார்கள் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். முட்டைக்கோஸ் இலையைக் கறவைக்குப் பிறகுதான் போடுவேன், முன்னால் போட்டால் பாலில் அந்த வாடை வரும்.

போன ஜனவரியில் ரெண்டு காட்டெருமைகள் ராத்திரி இறங்கி ஓட்ஸில் கால்வாசியை மேய்ந்துவிட்டுப் போயின. வேலி போட்டாலும் அதற்கு வேலி ஒரு பொருட்டா?

நேற்று அப்பா போன் செய்தார். புதுக் கரணை வெட்டியிருக்கிறாராம், அனுப்பட்டுமா என்றார். "கரணை வேண்டாம்ப்பா, லாரி ஏதாவது மேலே வந்தா வைக்கோல் ஏத்தி விடுங்க" என்றேன்.