கடிதத்தை முன்னால் நகர்த்தினேன்

என் முதல் குறும்படம் 14 நிமிடம். அப்பா மகன் சண்டை, பிரிவு, அப்பாவின் மரணம், கடைசியில் மகன் கையில் அவருடைய கடிதம். எடிட்டிங்கில் பார்த்தால் உப்புச்சப்பில்லை. நடிகரைத்தான் குறை சொன்னேன், பாவம்.

அப்புறம்தான் ரஷ்ய உருவவியலாளர்கள் (கதை எப்படிக் கட்டப்படுகிறது என்று ஆராய்ந்த இலக்கிய விமர்சகர்கள்) சொன்னது உறைத்தது: நடந்தவை நடந்த வரிசையில் ‘ஃபாபுலா’, அவற்றை நமக்கு அடுக்கிக் காட்டும் விதம் ‘சியுஷெட்’. நான் இரண்டையும் ஒன்றாகவே வைத்திருந்தேன்.

கடிதத்தை முதல் காட்சிக்குக் கொண்டுவந்தேன். உள்ளே இருப்பதைக் காட்டவில்லை. புதிதாக ஒரு ஷாட்கூட எடுக்கவில்லை. ஆனால் “சாப்பிட்டியா?” என்று அப்பா கேட்கும்போதே இப்போது வயிற்றைப் பிசைகிறது.

கதையில் ஓடும் காலம் வேறு, அதைச் சொல்ல எடுக்கும் நேரம் வேறு என்று பிரெஞ்சு இலக்கியக் கோட்பாட்டாளர் ழெரார் ஜெனெத் 1972இல் எழுதியதும் கைகொடுத்தது. ஐந்து வருடப் பிரிவை ஒரே வெட்டில் தாண்டினேன். உறையைப் பிரிப்பதற்கு மட்டும் 40 நொடி.