கோவளத்தில் 1.9 கி.மீ.: கோணல் நீச்சல் ஒருவழியாக நேரானது

இன்று காலை சென்னை கோவளத்தில் 1.9 கி.மீ. பாதையை நீந்தி முடிக்க 53 நிமிடம். கடிகாரம் காட்டிய தூரம் 2.02 கி.மீ. ஜூன் கடைசியில் இதே பாதையில் நான் நீந்தியது 2.4 கி.மீ., 66 நிமிடம். நான் தயாராகும் கோவா அயர்ன்மேன் 70.3-இல் (1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், பிறகு ஓட்டம்) நீச்சலுக்குக் கொடுப்பதே 70 நிமிடம்தான், அதனால் அந்த 66 என்னை இரண்டு மாதம் நிம்மதியாக இருக்கவிடவில்லை. வேளச்சேரி நீச்சல் குளத்தில் 38 லேப்பை, அதாவது அதே 1.9 கி.மீ. தூரத்தை, 48 நிமிடத்தில் முடிக்கிறேன், அதனால் வேகத்தில் குறை இல்லை. நேராகப் போகத் தெரியாமல் அரை கிலோமீட்டர் அதிகமாக நீந்திக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

(கடிகாரத்தைக் கையில் கட்டினால் ஒவ்வொரு வீச்சிலும் தண்ணீருக்குள் போய் ஜி.பி.எஸ். சிக்னல் விட்டுப்போகும், கணக்கு கண்டபடி வரும். இடுப்பில் கட்டி இழுக்கும் ஆரஞ்சு மிதவைப் பைக்குள் போட்டுவிடுங்கள். கரையேறி வரைபடத்தைப் பார்த்தால் உண்மை தெரியும்.)

எங்கள் பாதை எளிது. கரையிலிருந்து நேர் கிழக்கே 475 மீட்டரில் ஒரு ஃபைபர் படகு நங்கூரம் போட்டு நிற்கும். போய்த் திரும்ப வேண்டும், இரண்டு சுற்று. வரைபடத்தில் எனக்குப் புரியாமல் இருந்தது ஒன்றுதான்: திரும்பி வரும் கோடு ஓரளவு நேராக இருக்கிறது, போகும் கோடு மட்டும் வில் மாதிரி வடக்கே வளைகிறது. ஆறு மணிக்கு மேல் சூரியன் முகத்துக்கு நேரே வந்துவிடும், படகு தெரிவதில்லை, அதுதான் காரணம் என்று முடிவு கட்டி, ஆன்லைனில் கறுப்புக் கண்ணாடி காகிள்ஸ் ஒன்று வாங்கினேன். 1,900 ரூபாய். மூன்றாம் நாளே ரப்பர் பட்டை கொக்கியோடு பிய்ந்தது, கடைக்காரர் பதிலே போடவில்லை. கோடு அப்படியேதான் வளைந்தது.

விடை இரண்டு இடத்தில் கிடைத்தது. முதலாவது, குளத்தில் கண்ணை மூடிக்கொண்டு நீந்திப் பார்த்தது. பன்னிரண்டாவது வீச்சில் இடது தோள் லேன் பிரிக்கும் கயிற்றில் உரசியது. மறுபடி போனேன், பதினொன்றில். ஐந்து தடவை போய் ஐந்து தடவையும் இடப்பக்கக் கயிறுதான். நான் இடப்பக்கம் மட்டுமே மூச்சு எடுக்கிறவன். தலை திரும்பும் நேரத்தில் முன்னால் நீண்டிருக்கும் வலது கை நெற்றிக்கு நேர்க்கோட்டைத் தாண்டி இடப்பக்கம் போய்விடுகிறது, உடம்பும் அதன் பின்னாலேயே போகிறது. குளத்தில் அடியில் கறுப்புக் கோடு இருப்பதால் நான் அறியாமலே திருத்திக்கொண்டு வந்திருக்கிறேன். கடலுக்கு அடியில் கோடு ஏது?

இரண்டாவது, படகுக்காரர் அண்ணன் சொன்னது. "வெயில் மேல பழி போடாத தம்பி. இப்ப தெண்டி ஓடுது. படகைப் பிடிக்கணும்னா படகுக்குத் தெற்கால போ, அது கொண்டாந்து விட்டுடும்." தெண்டி என்றால் தெற்கிலிருந்து வடக்கே ஓடும் வெள்ளம், அதாவது கடல் நீரோட்டம். அப்போதுதான் எனக்குக் கணக்கு விளங்கியது. கிழக்கே போகும்போது என் இடப்பக்கம் வடக்கு, அதனால் என் கோணலும் வெள்ளமும் சேர்ந்து ஒரே பக்கம் தள்ளியிருக்கின்றன. திரும்பும்போது என் இடப்பக்கம் தெற்கு, ஒன்றை ஒன்று அடித்துவிட்டது. திரும்பும் கோடு நேராக இருந்ததற்கு நான் நன்றாக நீந்தியது காரணமே இல்லை.

அதிலிருந்து ஏழு வாரம் வேறு எதையும் தொடவில்லை. வலது கை விழும் இடம் தலைக்கு நேரே இல்லாமல் கடிகாரத்தில் ஒரு மணி இருக்கும் இடம். முதல் வாரம் கையை எங்கோ அகலமாக விரித்துப் போடுவது மாதிரி இருந்தது. நண்பர் எடுத்த வீடியோவில் பார்த்தால் தோளுக்கு நேராக, சரியான இடத்தில் விழுகிறது. அடுத்தது தலை தூக்கிப் பார்ப்பது. இதைத்தான் எல்லோரும் அவசரமாகக் கடந்துபோகிறார்கள். முழு முகத்தையும் தூக்கினால் அந்த நொடியே இடுப்பு இறங்கி, கால் தொங்கி, வேகம் செத்துவிடும். மூக்கு தண்ணீரிலேயே இருக்க வேண்டும், காகிள்ஸ் மட்டும் வெளியே எட்டிப் பார்க்க வேண்டும். வலது கை நீண்டு தண்ணீரை லேசாக அழுத்தும்போது கண்ணைத் தூக்கி, பார்த்த கையோடு இடப்பக்கம் திரும்பி மூச்சு. பார்ப்பதும் மூச்சும் ஒரே அசைவு. அலையின் பள்ளத்தில் இருக்கும்போது தூக்கினால் எதிரே தண்ணீர்ச் சுவர்தான் தெரியும், அலை உடம்பைத் தூக்கும் நேரத்துக்குக் காத்திருக்கப் பழக வேண்டும். படகு தெரியவில்லையென்றால் நிற்காமல் இன்னும் மூன்று வீச்சு போய் மறுபடி பார்ப்பேன். போகும்போது ஆறு வீச்சுக்கு ஒருமுறை, வரும்போது பத்துக்கு ஒருமுறை.

சைக்கிளைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். திருவான்மியூரிலிருந்து ஈசிஆரில் மாமல்லபுரம் போய்த் திரும்பினால் 90 கி.மீ.-ஐ ஒட்டி வருகிறது, ஞாயிறுதோறும் போகிறேன். எனர்ஜி ஜெல் வயிற்றைப் பிசைகிறது என்று நிறுத்திவிட்டுக் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு மாறியிருக்கிறேன், அரை மணிக்கு ஒரு துண்டு. மென்று விழுங்க நேரம் பிடிக்கிறது, ஆனால் அப்புறம் ஓடும்போது வயிறு தொல்லை தருவதில்லை. கழுத்தில் உப்பு உரசும் இடத்துக்கு வாஸ்லினை விடத் தேங்காய் எண்ணெய் நிற்குமா என்று கேட்டிருந்தார்கள்: நிற்காது, இருபது நிமிடத்தில் போய்விடும். போன வாரம் கடலில் சொறி (ஜெல்லிமீன்) வேறு நிறைய வந்திருந்தது, முழுக்கை சட்டை போடாமல் இறங்க வேண்டாம்.

ஆனால் நீச்சல் இன்னும் முடிந்தபாடில்லை. போட்டி நடக்கும் கோவாவின் மிராமர் கடற்கரை மேற்குக் கடல். அங்கே போகும்போது சூரியன் முதுகுக்குப் பின்னால், திரும்பும்போதுதான் முகத்துக்கு நேரே. அதுவும் மாண்டவி ஆறு கடலில் சேரும் இடத்தை ஒட்டிய கரை, தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கும் என்பது ஓதத்தைப் பொறுத்தது. கோவளத்தில் காலையில் எத்தனை நாள் நீந்தினாலும் வெயிலைப் பார்த்தபடி கரைக்கு வரும் பழக்கம் வராது. சாயங்காலம்தான் வழி, சூரியன் கரைப்பக்கம் இறங்கும்போது. அந்த நேரத்தில் கடல்காற்று ஏறி அலை கொந்தளிப்பாக இருக்கும் என்று அண்ணன் தயங்கினார். வலை வேலை முடித்துவிட்டு வரும் சனிக்கிழமை நாலரைக்குப் படகை எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். முதலில் ஒரு சுற்று மட்டும்.